விட்டமும் சுற்றளவும்

பன்னிரண்டு என்று சொன்ன கம்பி முப்பத்தெட்டு காட்டியது.

டெய்லர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை டேப்பைக் கம்பியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். அதே முப்பத்தெட்டு மில்லிமீட்டர். முப்பது வருஷமாக எத்தனையோ பேருடைய இடுப்பையும் கழுத்தையும் சுற்றி வந்த டேப் அது. ஒருத்தரிடமும் பொய் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிலருக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்கும்.

"இது எத்தனைன்னு சொன்னீங்க?"

"பன்னெண்டு எம்எம் சார்," என்றார் கம்பி கட்டும் மேஸ்திரி.

"முப்பத்தெட்டு இருக்கே."

கம்பி வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசாமி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று டெய்லர் டேப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மேஸ்திரி டேப்பைப் பார்த்தார். டெய்லரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"சார் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீங்க. அது சுத்தளவு. கம்பிக்கு நாங்க விட்டம்தானே சொல்லுவோம். குறுக்கே அளந்தா பன்னெண்டு."

முப்பத்தெட்டை மூன்றே சொச்சத்தால் வகுத்தால் பன்னிரண்டு வரும் என்பது டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் அதைக் காட்டிக்கொள்வாரா?

"தெரியுதான்னு பார்த்தேன்," என்றார் கம்பீரமாக. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவருக்கு டேப் சார் என்று பெயர். அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், கையில் நோட்டு. ஆபீஸிலிருந்து தரம் பார்க்க அனுப்பிய ஆள் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். டெய்லரோ, இந்த மரியாதையெல்லாம் முகச்சாயலால் வந்தது என்று நினைத்துக்கொண்டார். இன்ஜினியருடைய அப்பா என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்கள். நாகரிகம் கருதிச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அவர் பெருமைப்படுவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் படித்து இன்ஜினியராகி, இரண்டு வருஷம் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்து, இப்போதுதான் முதன்முதலாக ஒரு கட்டடத்தைத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாடி. அந்தச் செய்தி வந்த வாரமே அவர் கடைப் பலகையை மாற்றி "இன்ஜினியர் டெய்லர்ஸ்" என்று எழுதிவிட்டார். ஏதோ புது மாதிரி இயந்திரத்தில் தைக்கிறார்கள் போலிருக்கிறது என்று சிலர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கும் மகளைப் பற்றிச் சொல்லாமல் அளவெடுக்க மாட்டார்.

அப்படி அளவு கொடுக்க வந்த ஒருவர்தான் வினையைக் கிளப்பிவிட்டார். "பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா கம்பியிலதான் ஏமாத்துவாங்க. கான்கிரீட் போட்டு மூடின பிறகு உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஒண்ணுன்னா இன்ஜினியர் பேர்தான் கெடும்."

டெய்லருக்குச் சுருக்கென்றது. காலருக்குள் வைத்துத் தைக்கிற கேன்வாஸ் துணி அவருக்குத் தெரியாத சமாச்சாரமா? வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே மட்டமான கேன்வாஸ் இருந்தால் இரண்டே சலவையில் காலர் தொங்கிவிடும்.

ஆனால் மகள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். "அப்பா, சைட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கான்னு எல்லாரும் சிரிப்பாங்க."

வரக்கூடாது என்றுதானே சொன்னாள், அவளுக்குத் தெரியாமல் வரக்கூடாது என்று சொல்லவில்லையே. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சை வலை போட்ட கட்டடம் என்று அவள் அம்மாவிடம் ஒருமுறை சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. கடையை அரை நாள் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் நின்று முதலில் கேட்ட கேள்வி, "இன்ஜினியர் இருக்காங்களா?" என்பதுதான்.

"இல்லைங்க. காலையில வேற வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் வருவாங்க," என்றார் மேஸ்திரி.

நிம்மதியாக உள்ளே நுழைந்துவிட்டார்.

சுற்றளவு விஷயத்தில் சறுக்கிய அன்று சாயங்காலம், மகள் வீட்டுக்கு வருவதற்குள் அவளுடைய அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இருபது, இருபத்தைந்து. கம்பியின் அளவுகள் தையல் ஊசி நம்பர் மாதிரியே வரிசையாக இருந்தன. படிக்கப் படிக்க அவருக்குப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு எம்எம் கம்பி ஒரு மீட்டருக்கு எண்ணூற்று எண்பத்தெட்டு கிராம் இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொன்னது. துணியையும் அப்படித்தானே எடை போட்டுத் தரம் சொல்கிறார்கள்.

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆளின் இடுப்பைச் சுற்றி அளந்தவர், புதுப் பழக்கத்தில் மூன்றே சொச்சத்தால் வகுத்து, "இடுப்பு பதினொண்ணு" என்றார்.

"பதினொண்ணா? எனக்கா?" அந்த மனிதர் கவலையோடு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"விட்டம்," என்று விளக்கிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு டெய்லர் கட்டடத்துக்குப் போனார். காய்கறிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய எலெக்ட்ரானிக் தராசு கையில் இருந்தது.

தூணுக்கான கம்பிகள் இருபத்துநான்கு, ஒரே நீளமாக வெட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் பன்னிரண்டு எம்எம்.

"ஒரு மீட்டர் துண்டு வெட்டிக் கொடுங்க. எடை பார்க்கணும்."

"எந்தக் கம்பியில சார்?"

"எல்லாத்துலயும்."

மேஸ்திரி கம்பி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "இருபத்துநாலுலயுமா? ஒண்ணு ரெண்டு பார்த்தாப் போதுமே சார்."

"ஒரு ஓரத்தைப் பார்த்துட்டு முழுத் துணியையும் வாங்குவீங்களா?"

ஆபீஸ் ஆளிடம் யார் வாதாடுவது? மேஸ்திரி தலையாட்டினார். டெய்லரே டேப் வைத்து அளந்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். ஆட்கள் வெட்டினார்கள். முதல் துண்டைத் தராசில் வைத்தார். தொள்ளாயிரத்துப் பத்து. இரண்டாவது துண்டும் அதே. இருபத்துநான்கும் அதே.

"கூடுதலாத்தானே இருக்கு. நல்லதுதானே சார்," என்றார் மேஸ்திரி.

"கூடுதலா இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

புருவத்தைச் சுருக்கி யோசித்தவருக்குத் திடீரென்று தன் கை செய்த வேலை புரிந்தது. தையலுக்கு விடுகிற ஓர் அங்குலத்தை ஒவ்வொரு கம்பியிலும் சேர்த்துவிட்டிருந்தார். முப்பது வருஷக் கை. மறுபடி உட்கார்ந்து எல்லாத் துண்டிலும் அந்த ஓர் அங்குலத்தை நறுக்கச் சொன்னார். இப்போது தராசு எண்ணூற்று எண்பத்தெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

டெய்லர் எழுந்து நின்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "சுத்தமான கம்பி. யார் தேர்ந்தெடுத்தது?"

"எங்க இன்ஜினியர்தான் சார். எல்லாம் அவங்களே பார்த்துப் பார்த்து வாங்குவாங்க."

அந்த ஒரு வாக்கியம் டெய்லருக்குப் பொன்னாடை போர்த்தியது போல இருந்தது. மகளைப் பற்றி வேற்று மனிதர் வாயால் கேட்கிற சுகமே தனி.

"ஆனா சார்," என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இந்தக் கம்பி இனிமே தூணுக்கு ஆகாது."

"ஏன்? இப்பதானே சுத்தம்னு சொன்னேன்."

"மாடி உயரம் மூணு மீட்டர். அதுக்கு மேல அறுநூறு மில்லி நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்பதான் அடுத்த மாடிக் கம்பியை அதோட சேர்த்துக் கட்ட முடியும். விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு. நீங்க ஒரு மீட்டருக்கு மேல வெட்டிட்டீங்க. இப்ப தூண் கூரைக்கே எட்டாது."

டெய்லர் கம்பிகளைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்ட பேன்ட் இருபத்துநான்கு வரிசையாகக் கிடந்தது போல இருந்தது.

"ஒட்டுப் போட முடியாதா?"

மேஸ்திரி போனை எடுத்து இரும்புக் கடைக்கு அடித்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நாம வாங்குற ஐநூறு டி ரகக் கம்பி கைவசம் கொஞ்சம்தான் இருக்காம். மிச்சத்துக்கு ஐநூத்தம்பது ரகம் அனுப்பவான்னு கேக்கறாங்க. இன்ஜினியரைக் கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

இன்ஜினியரைக் கேட்டால் வெட்டிய கதையும் வெளியே வரும். டெய்லர் போனை வாங்கிக்கொண்டார். "பெரிய நம்பர்தானே? தாராளமா அனுப்புங்க."

அன்று சாயங்காலம் மகள் வந்ததும் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து, தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?"

"சூப்பராப் போகுதுப்பா. நாளைக்கு கான்கிரீட்."

டெய்லர் வியந்துபோனார். தூண் கம்பி இருபத்துநான்கும் குட்டையாகிக் கிடப்பதைச் சாயங்காலம் போய்ப் பார்த்திருப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. என்ன ஒரு நிதானம். மேலதிகாரியாக வரவேண்டியவள்.

"என்னங்க, சாப்பிடாம அவளையே பார்த்துட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் குளிக்கப் போன நேரத்தில் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். ஐநூறு என்றால் கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஐநூறு நியூட்டன் இழுவையைத் தாங்கும். அதற்குப் பிறகுதான் திரும்பி வராத அளவுக்கு நீளத் தொடங்கும். ஐநூற்றைம்பது இன்னும் கொஞ்சம் தாங்கும். இதுவரை சரி. அடுத்த வரியில்தான் விரல் நின்றது. நம்பர் கூடினால் எல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. டி என்ற எழுத்து போட்ட கம்பி, அறுவதற்கு முன் நன்றாக நீண்டு வளைந்து கொடுக்கும். பூமி குலுங்கினால் கட்டடத்தைக் காப்பாற்றுவது அந்த இளக்கம்தான். கணக்குப் போட்டவரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது.

அவருக்கு உடனே புரிந்தது. விறைப்பான துணி வேறு, இழுத்தால் கொடுக்கிற துணி வேறு. விறைப்பான துணியில் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு குனிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

காலையில் முதல் ஆளாகக் கட்டடத்தில் நின்றார். மேஸ்திரி கம்பிகளைப் பிணைக்கிற மெல்லிய கட்டுக் கம்பி வாங்கப் போயிருந்தார். புதுக் கம்பிகள் வந்து இறங்கியிருந்தன. இறக்கியவர்கள் ஐநூறையும் ஐநூற்றைம்பதையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கம்பியின் மேலேயே கம்பெனிப் பெயரும் நம்பரும் புடைப்பாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டிப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை படித்துப் பிரித்து வைத்ததை அடுத்த ஆள் தூக்கி மறுபக்கம் போட்டான்.

"இப்படியே போனா பொழுது சாஞ்சிடும். பெயின்ட் இருக்கா?" என்று கேட்டார் டெய்லர். ஜன்னல் கம்பிக்கு வாங்கிய பெயின்ட் இரண்டு டப்பா இருந்தது. "ஐநூத்தம்பதுக்குச் சிவப்பு. ஐநூறுக்கு நீலம். தூரத்துல இருந்து பார்த்தாலும் நல்லாத் தெரியணும்."

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் கிடைப்பது அபூர்வம். அன்று இரண்டு பேர் கிடைத்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் விடாமல், சொட்டச் சொட்ட மினுமினுக்க அடித்துக் காய வைத்தார்கள். மேஸ்திரி திரும்பி வந்தபோது முற்றம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பளபளத்தது.

மேஸ்திரி கையிலிருந்த கட்டுக் கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அழகா இல்லை?" என்றார் டெய்லர்.

"சார், கம்பி மேல இந்த வரி வரியா மேடு எதுக்கு இருக்கு? கான்கிரீட் கவ்விப் பிடிக்கத்தான். அதுல வழுவழுன்னு பெயின்ட் அடிச்சா எப்படிப் பிடிக்கும்? அடையாளத்துக்கு ஓரத்துல ஒரு விரல் தொட்டு வெச்சாப் போதுமே."

பிறகு ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டெய்லரும் தேய்த்தார். பதினொரு மணிக்கு கான்கிரீட் லாரி வந்து வாசலில் நின்றது. முதுகில் இருந்த உருளை கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க ஊத்தணும்?" என்று கேட்டார் டிரைவர்.

ஊற்றுவதற்குத் தூண் வேண்டும். தூணுக்குக் கம்பி வேண்டும். கம்பி நீலமாக இருந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளேயே இறுகிவிடும் என்று சொல்லி லாரி திரும்பிப் போய்விட்டது.

"இன்ஜினியர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார் டெய்லர்.

"முந்தாநேத்து ஒண்ணும் சொல்லலை. நேத்துத் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. இன்னிக்கு லாரி திரும்பினதைக் கேட்டதும், நாளைக்குக் காலையிலேயே வர்றேன், அந்த டேப் சாரை இருக்கச் சொல்லுன்னு சொல்லிட்டாங்க."

அந்த டேப் சார். தான் யார் என்று தெரிந்தும், ஊரார் முன்னால் அப்பாவைக் காட்டிக் கொடுக்காமல் அப்படிச் சொல்லியிருக்கிறாள். டெய்லருக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மகள் வருவதற்குள் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குளியலறைக்குப் போனாள்.

"கேட்டீங்களா, எவ்வளவு சந்தோஷமா வந்திருக்கா," என்றாள் மனைவி.

"அவ நடிக்கிறா. உனக்குத் தெரியாது," என்றது போர்வை.

"ஆறரை மணிக்குத் தூங்குற மாதிரி நீங்கதான் நடிக்கிறீங்க."

படுத்தபடியே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒளிந்து பிரயோசனமில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் போய் நிற்க வேண்டும். தப்பு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். அவளுடைய முதல் கட்டடம். அவள் பெயர் மேல் ஒரு தூசி விழக்கூடாது.

மறுநாள் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். டேப்பை வேண்டுமென்றே கடையில் வைத்துவிட்டுப் போனார். கட்டடத்தில் தகரக் கொட்டகைதான் இன்ஜினியர் அறை. கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஒரு சித்தாள் அம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியும் ஆட்களும் பெயின்ட் தேய்த்த கையோடு நின்றார்கள்.

"இன்ஜினியர் வந்துட்டாங்களா?"

"வந்துட்டு, இப்பதான் வெளியில போனாங்க. ரொம்பக் கோவமா இருக்காங்க சார்," என்றார் மேஸ்திரி.

வீட்டிலிருந்து வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு டெய்லரின் நாக்கு நுனியில் நின்றது. இன்ஜினியர் வரும்வரை அதைத் தாங்குகிற பலம் அவருக்கு இல்லை. ஐநூறு நியூட்டன் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றார். "நான் ஆபீஸ் ஆளும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஒரு டெய்லர். கம்பியை வெட்டச் சொன்னது நான். ஐநூத்தம்பதை வரவழைச்சது நான். பெயின்ட் அடிக்கச் சொன்னதும் நான். இன்ஜினியர் மேல ஒரு தப்பும் இல்லை. அவங்க வாங்கி வெச்ச கம்பியில ஒரு கிராம் குறை கிடையாது, நானே எடை போட்டுப் பார்த்தேன். மூணு நாளா இவ்வளவு கலாட்டா நடந்தும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாத பொண்ணு அவ. தண்டனை குடுக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க." குரல் உடைந்தாலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. "உங்க இன்ஜினியர் என் மகள். அவளைப் பெத்தவன்னு சொல்லிக்கிறதைத் தவிர எனக்கு வேற தகுதி இல்லை."

  மணல் சலிப்பதை நிறுத்திய சித்தாள் அம்மா, சல்லடையைக் கீழே வைத்துவிட்டு டெய்லரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு கட்டடம் பின்தெருவுலங்கய்யா, அதுக்கும் பச்சை வலைதான், அங்க நேத்தே தூண் எல்லாம் ஊத்தி முடிச்சுட்டாங்க, எங்க இன்ஜினியர் இப்ப மீசையை முறுக்கிக்கிட்டு, பெயின்ட் அடிச்ச கம்பியை என்ன பண்றதுன்னு அவங்ககிட்டதான் யோசனை கேக்கப் போயிருக்கார்."